நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் நின்றுபோகும் கோப்புகள்

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஓரிடத்தில் இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சேம்பியன் ரீஃப், மாரிகுப்பம் பகுதிகளில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பெங்களூர், ஓசூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று பல திசைகளிலும் பிழைப்பைத் தேடிச் சென்றன. ஊரிலேயே தங்கிவிட்டவர்களிலும் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, வேலை முடித்து, இரவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

இப்படிப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குப் பொதுச் சொத்தாக எஞ்சியிருப்பவை சில உண்டு. லைன் வீட்டு வாசலில் எடுத்த பழைய புகைப்படங்கள், கேசட்டில் பதிந்து வைத்த தாத்தா பாட்டியின் குரல், அத்தை கல்யாண வீடியோ, கோயில் திருவிழாப் படங்கள். இவற்றை ஸ்கேன் செய்தும் கணிப்பொறியில் ஏற்றியும் வைத்திருக்கும் வீடுகள் இப்போது நிறைய. ராபர்ட்சன்பேட்டையில் அப்படி ஒரு வீடு, அங்கே 40 ஜி.பி. அளவுக்கு ஒரு தொகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கும், ஓசூரில் இருக்கும் அக்காவுக்கும், துபாயில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் அதை அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் இவ்வளவு போகாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படங்கள் சுருங்கித் தெளிவிழந்துவிடும். ஆகவே கணிப்பொறி தெரிந்த இளைஞர்கள் டோரன்ட் முறையைக் கையாளுகிறார்கள். ஒருவர் வைத்திருப்பதைப் பலர் துண்டு துண்டாக வாங்கி, வாங்கிய துண்டுகளைத் தங்களுக்குள்ளும் பரிமாறிக்கொள்ளும் முறை இது.

டோரன்ட் என்றவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரின் மூன்றெழுத்துப் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால், 2018-இல் வெளிவந்த கன்னடத் திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகள்தான் முன்னால் வந்து நிற்கும்! ஆனால் முறை வேறு, அதைத் திருட்டுக்குப் பயன்படுத்துவது வேறு. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் தங்கள் நிறுவல் கோப்புகளை டோரன்ட் மூலமும் வழங்குகின்றன. பழந்தமிழ் நூல்கள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகமும் 2012 முதல் இந்த வசதியைத் தருகிறது.

இம்முறையைக் கையாளும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான். "99.7-இல் வந்து நின்றுவிட்டது, மேலே ஏறவே மாட்டேன் என்கிறது." அல்லது, "நேற்று நூறு காட்டியது, இன்று மறுசோதனை போட்டால் 97 காட்டுகிறது, மறுபடி இறக்கி நூறாக்கினால் நாளைக்கு மறுபடி குறைகிறது." எரிச்சல் தாங்காமல் சிலர் சோதனையையே தவிர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து. ஏன் என்று பார்ப்பதற்கு முன், அந்தச் சோதனை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கைரேகை வாங்கி வைக்கும் வேலை

அமெரிக்கரான பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரன்ட் முறையில், அனுப்ப வேண்டிய தொகுப்பு முழுவதும் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நம் 40 ஜி.பி. தொகுப்பை 4 எம்.பி. துண்டுகளாக்கினால் ஏறத்தாழ 10,000 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டையும் ஷா-1 என்னும் கணக்குக்கு உட்படுத்தி, 20 பைட் நீளமுள்ள ஓர் எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஹாஷ் என்று பெயர். கைரேகை என்று நினைத்துக்கொள்ளலாம். துண்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுவதும் வேறாகிவிடும். கெட்டுப்போன துண்டு தற்செயலாக அதே கைரேகையைத் தருவதற்கான வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 48 சுழி போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தப் பத்தாயிரம் கைரேகைகளும் சேர்ந்து 200 கே.பி.தான். அவற்றையும் கோப்புகளின் பெயர், அளவு ஆகியவற்றையும் அடக்கியதுதான் நாம் உறவினருக்கு அனுப்பும் சிறிய டோரன்ட் கோப்பு. ஓசூர் அக்காவின் கணிப்பொறி ஒரு துண்டை வாங்கியதும் அதன் கைரேகையைத் தானே கணக்கிட்டு, டோரன்ட் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடும். சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் 4 எம்.பி. முழுவதையும் எறிந்துவிட்டு மறுபடியும் கேட்கும். க்யூபிட்டோரன்ட் நிரலில் "ஃபோர்ஸ் ரீசெக்" என்றும், டிரான்ஸ்மிஷனில் "வெரிஃபை லோக்கல் டேட்டா" என்றும் இருப்பது, ஏற்கெனவே நம் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள துண்டுகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒப்பீட்டை மீண்டும் செய்வது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை. டோரன்ட் கோப்பை உருவாக்கிய நேரத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்கிறது. அன்றைக்கே படம் கெட்டுப்போயிருந்தால், கெட்ட படத்துக்குத்தான் கைரேகை வாங்கியிருப்போம். அது எல்லா ஊர்களிலும் அழகாக நூறு சதவீதம் காட்டும். தங்கச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டியிலிருந்து மாதிரி எடுத்து, அதில் எத்தனை பங்கு பொன் என்று சொல்லிவிடுவார்கள். டோரன்ட் சோதனைக்கு அந்தத் திறமை இல்லை. முன்பு பார்த்த கட்டியேதானா இது என்று அடையாளம் மட்டும் காட்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

99-இல் நிற்பதெல்லாம் சோதனைத் தோல்வி அல்ல. கடைசித் துண்டை வைத்திருப்பவர் யாரும் அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாவிட்டாலும் அங்கேதான் நிற்கும். ராபர்ட்சன்பேட்டையில் கணிப்பொறியை அணைத்துவிட்டால் துபாயில் காத்திருக்க வேண்டியதுதான். நம் நாட்டில் பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், இரு வீடுகள் நேரடியாகச் சந்திக்க முடியாமல் போவதும் உண்டு. இவை வேறு நோய்கள். க்யூபிட்டோரன்டின் விவரப் பக்கத்தில் "வேஸ்டட்", அதாவது வீணான அளவு, என்று ஓர் எண் இருக்கும். இறக்கம் நின்றிருக்க அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், துண்டுகள் வருகின்றன, சோதனையில் தோற்று எறியப்படுகின்றன என்று பொருள். அது ஏறாமல் இருந்தால் கொடுப்பவரைத் தேடுங்கள், சோதனையைக் குறை சொல்ல வேண்டாம்.

சோதனைதான் தோற்கிறது என்று உறுதியானால், அடுத்து ஒரே ஒரு கேள்வி. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தோற்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் இடம் மாறித் தோற்கிறதா? மருத்துவர் காய்ச்சல் தினமும் வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று கேட்பது போன்றது இது. பாதி நோயை இந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிரல் தானே புதிய துண்டுகளை வாங்கிக் குறையை மறைத்துவிடும். மறுசோதனை கொடுங்கள். எத்தனை சதவீதம் வந்தது, கோப்புப் பட்டியலில் எவையெல்லாம் நூறுக்குக் குறைவாக உள்ளன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கணிப்பொறியை முழுவதும் அணைத்து, மீண்டும் போட்டு, மறுபடி சோதியுங்கள். அணைத்துப் போடுவது அவசியம். அண்மையில் படித்தவற்றைக் கணிப்பொறி நினைவகத்திலேயே வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அணைக்காமல் சோதித்தால் டிஸ்க்கில் உள்ளதைப் படிக்காமல் நினைவகத்தில் உள்ளதையே படித்துவிட்டு, அதே பதிலைத் திருப்பிச் சொல்லக்கூடும்.

ஒரே இடத்தில் தோற்றால்

இரண்டு முறையும் அதே கோப்புகள் என்றால், டிஸ்க்கில் உள்ளது உண்மையாகவே மாறியிருக்கிறது. யார் மாற்றினார்கள்? பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள்தாம், தெரியாமலே.

பக்கவாட்டில் கிடக்கும் படத்தைப் பார்த்த மாமா, அதைச் சுழற்றி நேராக்குகிறார். விண்டோஸின் படம் பார்க்கும் நிரல் அந்த மாற்றத்தைக் கோப்பிலேயே எழுதிவிடுகிறது. பாட்டு நிரல் ஒன்று, எம்.பி.3 கோப்புக்குள் ஆல்பத்தின் பெயரையும் அட்டைப்படத்தையும் தானே சேர்த்து உதவி செய்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கைரேகை மட்டும் மாறிவிடும். அக்கா வீட்டு நிரல் அதைக் கெட்ட துண்டு என்று எண்ணிப் பழையதை இறக்கி மேலே எழுதும். மறுநாள் பாட்டு நிரல் மறுபடி திருத்தும். நூறு, தொண்ணூற்றேழு, நூறு, தொண்ணூற்றேழு என்று மாறிக்கொண்டே இருப்பதன் இரகசியம் பல வீடுகளில் இதுதான்.

இதைவிட வேடிக்கையானது, நாம் சேர்க்காமலே சேர்ந்துவிடும் கோப்புகள். மெக்கின்டாஷ் கணிப்பொறி ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ".டிஎஸ்_ஸ்டோர்" என்ற மறைவான சிறு கோப்பை வைக்கும். விண்டோஸ் சில இடங்களில் "தம்ப்ஸ்.டிபி", "டெஸ்க்டாப்.ஐஎன்ஐ" ஆகியவற்றை வைக்கும். படங்களை எந்த வரிசையில் காட்ட வேண்டும், குறும்படங்கள் எவை என்பன போன்ற வீட்டுக் குறிப்புகள் அவற்றில் இருக்கும். டோரன்ட் உருவாக்கும்போது இவையும் உள்ளே போய்விட்டால், கோப்புறையைத் திறந்து பார்த்து ஜன்னலைச் சற்று நகர்த்தினாலே போதும், கைரேகை மாறிவிடும். இரண்டே கே.பி. கோப்பு 40 ஜி.பி. தொகுப்பை நூறுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைக்கும்.

அது மட்டுமா? பழைய முறையில் துண்டுகளை வெட்டும்போது கோப்பின் எல்லையைப் பார்ப்பதில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே நீளத் துணியாக்கி, அப்புறம் நான்கு நான்கு எம்.பி.யாகக் கிழிக்கிறார்கள். எனவே அந்தச் சிறு கோப்பு இருக்கும் துண்டிலேயே முந்திய படத்தின் வாலும் பிந்திய படத்தின் தலையும் இருக்கும். சோதனையில் மூன்றுமே அரைகுறை என்று காட்டும். தாத்தா படம் கெட்டுப்போய்விட்டதோ என்று வீட்டில் பதறுவார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 2020-இல் வந்த லிப்டோரன்ட் 2.0 ஆதரிக்கும் இரண்டாம் வகை டோரன்டில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஷா-256 கைரேகைகள் உண்டு. பக்கத்து வீட்டுப் பழி இங்கே வராது. உங்கள் நிரலில் அந்த வகையை உருவாக்கும் வசதி இருந்தால், உறவினர்களின் நிரல்களும் அதை ஏற்கும் என்று கேட்டறிந்துகொண்டு அதையே பயன்படுத்துவது நல்லது.

இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து தமிழ் நூல்களை இறக்குகிறவர்களுக்கும் இதே அனுபவம் ஏற்படுவதுண்டு. அங்கே ஒரு நூலின் டோரன்டில் ஸ்கேன் செய்த பக்கங்களோடு, நூலின் பெயர், ஆசிரியர் முதலிய விவரங்கள் அடங்கிய சிறு கோப்புகளும் சேர்ந்திருக்கும். யாராவது எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அந்தச் சிறு கோப்பு மாறிவிடும். ஆர்க்கைவ் புதிய டோரன்டை உருவாக்கிக்கொள்ளும். உங்களிடம் இருப்பதோ சென்ற ஆண்டின் டோரன்ட். அது பழைய கைரேகையைக் கேட்கும், சர்வர் புதிய கோப்பைத் தரும். எத்தனை நாள் காத்திருந்தாலும் பொருந்தாது. புதிய டோரன்ட் கோப்பை இறக்கி, அதே கோப்புறையைக் காட்டி, மறுசோதனை கொடுத்தால் போதும். மாறாத பக்கங்களை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். நூல் முழுவதையும் மீண்டும் இறக்க வேண்டியதில்லை.

குடும்பத் தொகுப்பிலும் இதே கதை நடக்கும். பொங்கலுக்கு எடுத்த படங்களைப் பழைய கோப்புறையில் சேர்த்துப் புதிய டோரன்ட் போடுகிறோம். துபாயில் பழையதையும் புதியதையும் ஒரே கோப்புறையில் ஓட விடுகிறார்கள். இடையில் ஏதாவது ஒரு கோப்பு மாறியிருந்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்து எழுதும். பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் சண்டை தீரும். நீக்கும்போது "கோப்புகளையும் அழி" என்ற கட்டத்தைத் தவறியும் தொடாதீர்கள்.

இடம் மாறி மாறித் தோற்றால்

முதல் முறை 40-ஆம் படம், அடுத்த முறை 912-ஆம் படம், மூன்றாம் முறை கல்யாண வீடியோ என்று மாறினால், டிஸ்க்கில் உள்ளது ஒருவேளை சரியாகவே இருக்கலாம். படிக்கும் வழியில்தான் கோளாறு. சந்தேகத்துக்குரிய முதல் ஆசாமி ராம் எனப்படும் நினைவகம். சாதாரணமாக நாம் கணிப்பொறியைப் பயன்படுத்தும்போது ஆங்காங்கே ஒரு பிட் தவறினால் தெரிவதே இல்லை. படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். ஆனால் 40 ஜி.பி.யை ஒரே மூச்சில் படித்துப் பிட் பிட்டாகக் கணக்குப் பார்க்கும் வேலை, அந்தக் குறையை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. டோரன்ட் நிரல்தான் கெட்டது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறதே என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்ற நிரல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை, இது எண்ணிப் பார்க்கிறது.

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் விடக்கூடாது. இரண்டு ராம் பலகைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மாற்றி மாற்றிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். சில சமயம் கழற்றித் துடைத்துச் சரியாகப் பொருத்தினாலே போதுமானது. வேகத்தைக் கூட்டி ஓட்டும் அமைப்பை யாராவது பயோஸில் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நினைவகத்தில் பிட் புரள்வதற்கு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் காரணமாகலாம் என்று படித்துவிட்டு, அதன் மேல் பழியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காஸ்மிக் கதிர்களால் பிட் புரளும் என்பது உண்மைதான். அந்தக் கதிர்களின் தொல்லையிலிருந்து தப்பத்தானே விஞ்ஞானிகள் எங்கள் சேம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்! டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, பூமிக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தது தங்கவயலுக்குக் கிடைத்த பெருமை. ஆனால் அந்தக் கதிர் எப்போதோ ஒரு முறை ஒரு பிட்டைப் புரட்டிவிட்டுப் போய்விடும். வாரந்தோறும் உங்கள் வீட்டைத் தேடி வராது. தினம் தோற்கும் சோதனைக்குக் காரணம் வானத்தில் இல்லை, மேசைக்கடியில்தான் இருக்கும்.

மேசைக்கடியில் அடுத்துப் பார்க்க வேண்டியது கேபிள். ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்ளும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் அதைப் படிக்கலாம். அதில் பல டிஸ்க்குகளில் 199 என்ற எண்ணுள்ள வரி, கேபிள் வழியே வரும்போது ஏற்பட்ட பிழைகளின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு. 5, 197 என்ற வரிகளில் எண் ஏறினால் டிஸ்க்கே தேய்கிறது என்று பொருள். அப்போது சோதனையை நிறுத்திவிட்டு முதலில் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். யு.எஸ்.பி. வழியே மாட்டும் டிஸ்க் என்றால் வேறு துளையில், வேறு கேபிளில் மாட்டிச் சோதிப்பது முதல் வேலை.

பென் டிரைவும் மின்வெட்டும்

ஊருக்குப் போகிறவரிடம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பி, அங்கே டோரன்ட் நிரலிடம் அதைக் காட்டி மறுசோதனை செய்துகொள்வது நல்ல யோசனைதான். இணையச் செலவு மிச்சம். ஆனால் மலிவு விலையில் 512 ஜி.பி. என்றும் 1 டி.பி. என்றும் அச்சிட்டு விற்கும் பென் டிரைவ்களில் போலிகள் ஏராளம். உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. சில்லு இருக்கும். கணிப்பொறியிடம் மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும்படி திருத்தியிருப்பார்கள். காப்பி செய்யும்போது ஒரு பிழையும் காட்டாது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். கொள்ளளவு தாண்டியபின் எழுதியதெல்லாம் காற்றோடு போயிருக்கும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். இந்த வகையில் சோதனைத் தோல்வி அங்கொன்று இங்கொன்றாக வராது. தொகுப்பின் ஒரு பெரும் பகுதி ஒரேயடியாகக் காலியாகக் காட்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச நிரல்கள், பென் டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பழைய ஃபேட்32 அமைப்பில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு அடங்காது என்பதும் நினைவிருக்கட்டும். கல்யாண வீடியோ அரைகுறையாக நின்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

மின்வெட்டைப் பற்றித் தங்கவயல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. சுரங்கத்துக்காக வந்தது என்பதும், இன்றைக்கு வீட்டில் எப்போது போகும் என்று தெரியாது என்பதும் வேறு விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், துண்டு வந்துவிட்டது என்று நிரல் குறித்திருக்கும், டிஸ்க்கில் அது முழுவதும் ஏறியிருக்காது. இது ஒரு முறை மறுசோதனை செய்து, குறைந்ததை இறக்கிக்கொண்டால் தீர்ந்துவிடும். மறுபடியும் வந்தால்தான் மேலே சொன்ன காரணங்களைத் தேட வேண்டும்.

இணைய வழியில் துண்டு கெடுவது இப்போது அபூர்வம். முன்பு சில ரௌட்டர்களில் விளையாட்டுக்கென்று வைத்த ஓர் அமைப்பு, கடந்து செல்லும் செய்திகளுக்குள் வீட்டின் வெளிமுகவரி போன்ற நான்கு பைட்டுகளைக் கண்டால், அது படத்தின் நடுவில் இருந்தாலும், முகவரி என்றே நினைத்து மாற்றி எழுதிவிடும். குறிப்பிட்ட ஒரு துண்டு மட்டும் எத்தனை முறை இறக்கினாலும் தோற்றதற்கு அதுவே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். டோரன்ட் நிரலில் மறைகுறியாக்கத்தைப் போட்டுவிட்டால் ரௌட்டருக்கு அந்த பைட்டுகள் தெரியாமல் போய்விடும். பழைய ரௌட்டர் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

செய்யக் கூடாதது

டோரன்டைச் சேர்க்கும்போது சோதனையைத் தவிர்க்கும் வசதி நிரலில் இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் நூறு என்று காட்டும். நம்மிடம் இருக்கும் கெட்ட துண்டுகளை மற்றவர்களுக்கும் கொடுப்போம். அவர்கள் நிரல் அவற்றைத் தோற்கடித்து எறியும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் நம் கணிப்பொறியையே தடைப்பட்டியலில் போட்டுவிடும். நாம் ஊரில் உட்கார்ந்து, துபாயில் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று இதைவிட மோசம். தோற்கும் தொகுப்பையே வைத்துப் புதிதாக ஒரு டோரன்ட் உருவாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடுவது. சோதனை உடனே சரியாகிவிடும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் பாட்டியின் குரல் பதிவில் நடுவே பாழான நான்கு எம்.பி. இனிமேல் சரியான பிரதி என்று முத்திரை குத்தப்பட்டுவிடுகிறது. நல்ல பிரதி வைத்திருந்த அக்காவும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்வார். கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். இருந்த ஒரே நல்ல பிரதியை நாமே துரத்தியதாகிவிடும்.

ஆகவே புதிய டோரன்ட் போடுவதற்கு முன், தோற்ற கோப்பு எந்த வீட்டில் சரியாக இருக்கிறது என்று கேளுங்கள். செவன்-ஜிப் நிரலை நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினாலே ஷா-256 எண்ணைப் பார்க்கும் வசதி கிடைக்கும். அந்த எண்ணின் முதல் எட்டு எழுத்துகளைத் தொலைபேசியில் படித்துக் காட்டினால் போதும். மூன்று வீடுகளில் ஒன்றாகவும் ஒரு வீட்டில் வேறாகவும் இருந்தால் எது மாறியது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால், கோப்பைத் திறந்து முழுவதும் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். மாமா சுழற்றிய படம்தான் வேண்டும் என்று குடும்பமே முடிவு செய்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதற்குப் பிறகு புதிய டோரன்ட் போட்டு, பழையதை எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லுங்கள்.

புதிதாகப் போடும்போதே சில முன்னேற்பாடுகளைச் செய்துகொண்டால் பாதித் தொல்லை வராது. மறைவான சிறு கோப்புகளை நீக்குங்கள். தொகுப்பைப் பத்தாண்டுக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செவன்-ஜிப்பில் கடவுச்சொல் போட்டு மூடிவிடுங்கள். எந்தப் பாட்டு நிரலும் உள்ளே கை வைக்க முடியாது. சாதாரண டோரன்ட் ஊரறிந்த சந்தை. அதில் போட்ட வீட்டுப் படங்களை அந்நியர்களும் இறக்க முடியும். கடவுச்சொல் அதற்கும் காவல். ஒரே மூட்டையாகக் கட்டினால், ஓரிடத்தில் கெட்டாலும் மூட்டையைத் திறப்பதே கடினமாகிவிடும், ஆதலால்தான் பிரிக்கச் சொல்கிறேன். பார்ப்பதற்கு வேறொரு கோப்புறையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அங்கே சுழற்றட்டும், பெயர் மாற்றட்டும்.

மூட்டைகளின் ஷா-256 எண்களை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, தேதி போட்டு, எல்லா வீடுகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஒரு தாளில் அச்சிட்டு வைத்தாலும் நல்லதே. பத்தாண்டுக்குப் பின் டோரன்ட் முறையே வழக்கொழிந்து போனாலும், பென் டிரைவில் வரும் மூட்டை அதே மூட்டைதானா என்று அந்தத் தாளை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.